உதகைக் குளிரில் ஈஸ்ட்டுக்குச் சாயம் ஊட்டிய பதிவு

சென்ற மார்கழியில், உதகையிலுள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், முதுகலை மாணவியர் இருவரின் செய்முறைத் திட்டமாக ஒரு சோதனையைத் தொடங்கினோம். ரொட்டி ஈஸ்ட் தன் மேற்சவ்வைச் சிறு சிறு பைகளாகக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொள்வதையும், எண்டோசைட்டோசிஸ் எனப்படும் அந்த உள்ளிழுப்பில், சவ்வின் கொழுப்புப் பொருள்களான லிப்பிடுகளை மாற்றியமைக்கும் நொதிகளுக்கு உள்ள பங்கையும், ஒரு சிவப்புச் சாயத்தின் துணையோடு கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம். சமவெளியில் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை இது. எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் பெரும்பகுதி எதில் போயிற்று என்பதை, மலையில் இதே சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்காக, நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

எதைப் பார்க்கப் புறப்பட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். செல் சவ்வில் பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் என்றொரு லிப்பிடு உண்டு. அதன் தலைப்பகுதி ஆறு கார்பன் அணுக்களாலான ஒரு வளையம். அந்த வளையத்தின் 3, 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் நாங்கள் தேடிய நொதிகளின் தொழில். மேற்சவ்வில் எஸ்டிடி4 என்னும் கைனேஸ் 4ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைத் தொடர்ந்து எம்எஸ்எஸ்4 என்னும் கைனேஸ் 5ஆம் இடத்தில் இன்னொன்றை ஏற்றுகிறது. இரண்டு பாஸ்பேட் ஏறிய அந்த லிப்பிடைப் பற்றிக்கொண்டுதான் எஸ்எல்ஏ2 போன்ற புரதங்கள் சவ்வின் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. ஆக்டின் இழைகள் அங்கே வளர்ந்து விசை கொடுக்க, சவ்வு உள்நோக்கிக் குழிந்து சிறு பையாக அறுபடுகிறது. பை அறுபடும் நேரத்தில் ஐஎன்பி51, ஐஎன்பி52 ஆகிய பாஸ்பட்டேஸ்கள் 5ஆம் இடத்துப் பாஸ்பேட்டை இறக்கிவிடுகின்றன; அப்போதுதான் பையைப் போர்த்தியிருந்த புரதங்கள் உதிர்ந்து அடுத்த பைக்குப் போகும். இந்த இரண்டு பாஸ்பட்டேஸ்களும் இல்லாத செல்லில் மேற்சவ்வு சரிவர அறுபடாமல், ஆழமான மடிப்புகளாகச் செல்லுக்குள்ளே நீண்டு கிடக்கும்.

உள்ளே வந்த பை, சரக்கைப் பிரிக்கும் இடைநிலையமான எண்டோசோமைச் சேர்ந்தபின் வேறொரு நொதியின் ஆட்சி தொடங்குகிறது. விபிஎஸ்34 என்னும் கைனேஸ் 3ஆம் இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. எண்டோசோமில் வேலை செய்யும் புரதங்கள் பல அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் அங்கே ஒட்டுகின்றன. சரக்கு, பயணத்தின் முடிவிடமான வாக்குவோல் என்னும் பெரிய பையை எட்டும்போது ஃபேப்1 என்னும் கைனேஸ் அதே லிப்பிடின் 5ஆம் இடத்திலும் ஒன்றை ஏற்றுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு எளிய வழி இருக்கிறது: பசுந்தேயிலைச் சாக்கு ஒன்றுதான், ஆனால் எடை போடும் இடத்தில் ஒரு சீட்டு, தொழிற்சாலை வாசலில் வேறு சீட்டு. சீட்டைப் பார்த்துத்தான் சாக்கு எங்கே நிற்கிறது என்று ஆட்களுக்குத் தெரிகிறது.

லிப்பிடு நொதிகளுக்கும் உள்ளிழுப்புக்கும் உள்ள உறவு இந்த ஒரு வளையத்தோடு முடிவதில்லை. உள்ளிழுப்பில் தவறும் ஈஸ்ட் வகைகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கு வரிசையாக எண்ட் என்று எண்ணிட்டுவந்தபோது, எண்ட்8 என்பது சவ்வைக் கட்டும் லிப்பிடு வகையான ஸ்பிங்கோலிப்பிடு உற்பத்தியின் முதல் நொதியின் ஒரு பகுதியென்றும், எண்ட்11 என்பது ஈஸ்ட் சவ்வின் இன்னொரு லிப்பிடான எர்கோஸ்டீரால் உற்பத்தியில் வரும் இஆர்ஜி2 நொதியென்றும் பின்னர் தெரியவந்தது. கதவைத் தேடிப் போனவர்கள் சுவரின் சாந்தைக் கண்டுபிடித்ததுபோல் அமைந்த இந்தச் செய்தியை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். தேயிலைக் கொப்புள நோய்க்கு நம் தோட்டங்களில் தெளிக்கும் ஹெக்சகோனசோலும் இதே எர்கோஸ்டீரால் பாதையின் ஒரு நொதியை, இஆர்ஜி11ஐ, அடைக்கும் மருந்துதான் என்பதால் மாணவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிகிறது.

நாங்கள் எடுத்துக்கொண்ட சாயம் எஃப்எம்4-64. ஈஸ்ட்டின் உள்ளிழுப்பையும் வாக்குவோல் சவ்வையும் பார்க்க இதைப் பயன்படுத்தும் முறையை விடா, எம்ர் ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்டனர். இந்தச் சாயம் நீரில் ஏறத்தாழ ஒளிர்வதில்லை. சவ்வில் பதிந்தால் சிவப்பாக ஒளிரும். மின்னேற்றம் கொண்ட தலை இருப்பதால் சவ்வை ஊடுருவி உள்ளே போக அதனால் முடியாது. சவ்வு கிள்ளப்பட்டுப் பையாகும்போது பையோடு சேர்ந்து போவதுதான் அதற்குள்ள ஒரே வழி. ஆகவே பனிக்கட்டியில் வைத்த செல்லில் மேற்சவ்வு மட்டும் சிவக்கும். 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சில நிமிடங்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் வாக்குவோலைச் சுற்றி ஒரு தெளிவான வளையம் அமையும். புள்ளிகள் எண்டோசோம்கள். வளையம் வந்துவிட்டால் பயணம் முடிந்தது என்று பொருள்.

நுண்ணோக்கியின் பாதரச விளக்கு ஆயுள் முடிந்து கிடந்தது. புது விளக்கு வாங்கும் செலவுக்கு அனுமதி வராததால், விளக்குக் கூட்டில் பச்சை எல்இடி ஒன்றை அலுமினியத் தட்டில் பதித்துப் பொருத்தினோம். சாயம் உறிஞ்சும் ஒளியின் உச்சம் 515 நானோமீட்டர் அளவில் இருப்பதால் பச்சை எல்இடி போதும். நாற்பது ரூபாய் எல்இடிக்கு மின்னோட்டத்தை நிலையாகத் தரும் டிரைவர் அவசியம். அது இல்லாமல் முதல் நாள் ஒளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வேலை இரண்டு நாளில் முடிந்தது.

அடுத்தது வளர்ப்பூடகம். ஈஸ்ட் சாறு 1 விழுக்காடு, பெப்டோன் 2, குளுக்கோஸ் 2 என்ற வழக்கமான கலவைதான். ஆனால் முதல் இரண்டு முறையும் குடுவையில் பாக்டீரியா கலங்கலாக வளர்ந்துவிட்டது. உதகை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்டோகிளேவின் முள் காட்டும் 15 பவுண்டு என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள கணக்கு. வெளிக்காற்றே இங்கு மெலிந்திருப்பதால், முள் 15இல் நின்றாலும் உள்ளே 121 டிகிரி வராது, 117 அளவில்தான் நிற்கும். அழுத்தத்தைக் கூட்டுவது பாதுகாப்பன்று என்பதால் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்கினோம். அதன்பின் குடுவைகள் சுத்தமாக நின்றன.

சாயத்தைச் சேர்க்கத் தொடங்கிய நாளில்தான் உண்மையான தொல்லை ஆரம்பமாயிற்று. 100 மைக்ரோகிராம் சாயத்தை 100 மைக்ரோலிட்டர் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து, அதில் 1 மைக்ரோலிட்டரை 200 மைக்ரோலிட்டர் செல் கலவையில் விட்டால் 8 மைக்ரோமோலார் கிடைக்கும் என்பது கணக்கு. முதல் நாள் செல்கள் நன்றாகச் சிவந்தன. மறுநாள் அதே குப்பியிலிருந்து எடுத்ததில் பாதிச் செல்கள் வெளிறின. மூன்றாம் நாள் எல்லாமே கருஞ்சிவப்பாகி, வளையமா புள்ளியா என்று பிரிக்க முடியாதபடி ஒளிர்ந்தன. மாணவியர் செல்களின் வயதைச் சந்தேகித்தார்கள். நான் எல்இடியைச் சந்தேகித்தேன். நான்காம் நாள் காலையில் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது உள்ளேயிருந்தது சாயவில்லை. அடியில் ரத்தினக் கல்போல் சிவந்த ஒரு கட்டி, அதன்மேல் ஒரு சொட்டுத் திரவம். டைமெத்தில் சல்ஃபாக்சைடு 18.5 டிகிரியில் உறையும் பொருள். எங்கள் ஆய்வக மேசையில் அன்று வெப்பமானி காட்டியது 13. பாதி உறைந்த குப்பியில் பிப்பெட் முனை எங்கே படுகிறதோ அதைப் பொறுத்து, சாயம் சில நாள் குறைவாகவும் சில நாள் மிகுதியாகவும் வந்திருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ இந்தக் குப்பி மேசையில் கிடந்தாலும் ஒரு நாளும் உறையாது என்பதால், நாங்கள் படித்த எந்தச் செய்முறையிலும் இதைப் பற்றி எச்சரிக்கை இல்லை. அன்று முதல் குப்பியை 30 டிகிரி இன்குபேட்டரில் பத்து நிமிடம் இருட்டில் வைத்து, முழுதும் இளகியபின் கலக்கி எடுப்பதையும், அந்த நேரத்தை நோட்டில் குறிப்பதையும் வழக்கமாக்கினோம்.

சாயம் சீரானபின்னும் வளையம் வரவில்லை. இதுதான் எங்களை மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. சாதாரண ஈஸ்ட் வகையில், எந்த நொதியும் நீக்கப்படாத செல்லில், ஒரு மணி நேரம் கழித்தும் சிவப்புப் புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன. ஒரு செல்லில் ஆறு, ஏழு புள்ளிகள், சவ்வை ஒட்டியும் உள்ளேயும். நடுவே வாக்குவோல் கரிய வட்டமாகச் சாயமில்லாமல் தெரிந்தது. ஏதேனும் ஒரு நொதி நீங்கிய வகையில் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், எண்டோசோமிலிருந்து வாக்குவோலுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று மகிழ்ச்சியோடு எழுதி, அந்த நொதியின் பெயரையும் போட்டிருப்போம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

வாட்டர் பாத்தின் வெப்பநிலை சரியாக 30 இருந்தது. ஆனால் ஒரே செல்லைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, ஐந்தாம் நிமிடத்திலேயே செல்களை ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கி மேடைக்கு மாற்றிவிடுவோம். அங்கே செல் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. மயிர் போன்ற வெப்ப மின்னிரட்டைக் கம்பியொன்றை ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே செருகி, மல்டிமீட்டரில் பார்த்தோம். 30இல் எடுத்த துளி, கவர் ஸ்லிப்பை மூடுவதற்குள் 19க்கு இறங்கிவிட்டது. எண்ணெய் வைத்து 100 மடங்கு லென்ஸைத் தொடவிட்டதும், ஒரு நிமிடத்துக்குள் 14. குளிர்ந்த பித்தளைக் குழலும் கண்ணாடியும் கொண்ட அந்த லென்ஸ், எண்ணெய் வழியாகச் செல்லின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. 15 டிகிரி அளவில் இந்தச் சாயம் வாக்குவோலுக்குப் போகாமல் இடைவழியில் தங்கிவிடும் என்பது ஈஸ்ட் ஆய்வில் நன்கு அறியப்பட்டது. வேண்டுமென்றே அப்படிக் குளிர்வித்துப் பார்ப்பவர்களும் உண்டு. நாங்கள் அதை அறியாமலே மூன்று வாரம் செய்துகொண்டிருந்தோம்.

இதற்குச் செய்த ஏற்பாடு எளியது. லென்ஸின் கழுத்தைச் சுற்றி 12 வோல்ட் சிலிக்கோன் வெப்பப் பட்டையைக் கட்டி, அதன் அடியில் ஓர் உணரியை வைத்து, சிறிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட் பலகையோடு இணைத்தோம். மேடையையும் லென்ஸையும் மூடுமாறு தெர்மாகோல் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டினோம்; கைவிட இரண்டு துளைகள். கழுத்தில் 34 வைத்தால் செல் இருக்கும் இடத்தில் 30 வருகிறது என்பதை மின்னிரட்டைக் கம்பி சொன்னது. லென்ஸ் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்குக் கேடு வரக்கூடாதென்று 40ஐத் தாண்ட விடுவதில்லை. வேகமாகச் சூடேற்றுவதும் இல்லை. வெப்பம் நிலைபெற நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் குவியம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அது நிற்கும்வரை செல்களைப் பனிக்கட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். பயணத்தை நிறுத்த சோடியம் அசைடு சேர்ப்பது பலரும் செய்வது. கொடிய நஞ்சான அதை, எங்கள் கழிவுநீர் போய்ச் சேரும் ஓடையை நினைத்து, நான் ஆய்வகத்துக்குள் அனுமதிக்கவில்லை. பனிக்கட்டியும் கடிகாரமும் போதுமானவையாக இருந்தன.

பெட்டி கட்டிய மறுநாள், தை பிறந்து நான்காம் நாள், வளையம் வந்தது. ஐந்தாம் நிமிடத்தில் மேற்சவ்வை ஒட்டி ஊசிமுனைப் புள்ளிகள். பதினைந்தில் அவை பெரிதாகி, வாக்குவோலின் ஓரத்தில் இரண்டும் மூன்றுமாகக் கூடின. முப்பதில் வாக்குவோலைச் சுற்றி மங்கிய கோடு. ஐம்பதில் அந்தக் கோடு மூடிக்கொண்டு, காதுவளையம் போல் மெலிந்து, ஒரே சீராக, சிவப்பாக நின்றது. மேற்சவ்வு அப்போது முற்றிலும் கருத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாணவி கண்ணை எடுக்காமல் "சார், இது நகருது சார்" என்று மட்டும் சொன்னார்.

இதன்பிறகே ஒரு லிப்பிடு நொதியின் வேலையைக் கேட்க எங்களுக்கு உரிமை வந்தது. நாங்கள் தேர்ந்தது ஃபேப்1. மேற்சவ்வில் வேலை செய்யும் எம்எஸ்எஸ்4ஐ நீக்கினால் செல் உயிர்வாழாது. ஐஎன்பி51, ஐஎன்பி52 இரண்டையும் ஒருசேர நீக்கிய வகை எங்களிடம் இல்லை. ஃபேப்1 நீங்கிய வகை உயிரோடிருக்கும். அதன் அடையாளமும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. சாதாரண செல்லில் வாக்குவோல் ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். ஃபேப்1 இல்லாத செல்லில் ஒரே வாக்குவோல் ஊதிப்போய், செல்லின் மற்ற உறுப்புகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிடும். மேலும், ஃபேப்1 உண்டாக்கும் இரட்டைப் பாஸ்பேட் லிப்பிடு, உப்பின் தாக்குதலில் சில நிமிடங்களில் பன்மடங்கு பெருகும் என்பது 1997இல் வெளிவந்தது. அது பெருகும்போது வாக்குவோல் சிறு துண்டுகளாகப் பிரியும். வெளியே உப்பு ஏறி உள்ளிருந்து நீர் போகும் வேளையில், கொள்ளளவைக் குறைத்துக்கொள்ளும் வழி அது.

சாயம் வாக்குவோலில் சேர்ந்த செல்களோடு, சம அளவு 0.8 மோலார் சோடியம் குளோரைடுக் கரைசலைக் கலந்தால் 0.4 மோலார் ஆகும். 0.8 மோலார் கரைசலுக்கு, 100 மில்லிலிட்டருக்கு 4.68 கிராம் உப்பு. முதல் முறை கலந்தபோது, சாதாரண செல்லிலும் பத்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இம்முறை எங்களுக்கு மூன்று வாரம் ஆகவில்லை. இரண்டாவது மாணவி உடனே உப்புக் கரைசல் இருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். அது மேசையில் இருந்தது, 13 டிகிரி. 30இல் இருந்த செல்களின் மேல் பாதிக்குப் பாதி குளிர்ந்த உப்புநீரை ஊற்றி, உப்போடு குளிரையும் கொடுத்துவிட்டோம். கரைசலையும் வாட்டர் பாத்தில் வைத்து மீண்டும் செய்தபோது, சாதாரண செல்களின் வளையம் முதலில் நசுங்கி, ஓரங்கள் உள்வாங்கி, பத்தாம் நிமிடத்தில் ஐந்தாறு சின்னஞ்சிறு வளையங்களாக உடைந்து கொத்தாக நின்றது. பக்கத்து ஸ்லைடில் ஃபேப்1 இல்லாத செல்களின் பெரிய வளையம் சற்றே சுருங்கி, சுருக்கங்கள் விழுந்து, ஆனால் உடையாமல் ஒன்றாகவே இருந்தது. இரண்டு ஸ்லைடுகளையும் நான்கு நாள்கள், செல் வகை எதுவென்று பார்ப்பவருக்குச் சொல்லாமல், மாற்றி மாற்றி எண்ணினோம். நான்கு நாளும் காட்சி மாறவில்லை. ஒரு லிப்பிடின் ஒரே ஓர் இடத்தில் ஒரு பாஸ்பேட் ஏறுவதற்கும் ஏறாததற்கும் உள்ள வேறுபாடு, அந்த இரண்டு ஸ்லைடுகளுக்கு இடையே இருந்தது.

ஃபேப்1 இல்லாத செல்லிலும் சாயம் வாக்குவோலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நொதி மேற்சவ்வைக் கிள்ளுவதில் பங்குகொள்வதில்லை. பயணத்தின் கடைசிக் கட்டத்தில், வாக்குவோலின் அளவையும் சவ்வு திரும்பிப் போவதையும் கட்டுப்படுத்துகிறது. எனவே எங்கள் திட்ட அறிக்கையில் உள்ளிழுப்புக்கு ஃபேப்1 தேவை என்று எழுதவில்லை. மாணவியர் முதல் வரைவில் அப்படி எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, சாயம் சேர்ந்ததையும் வளையம் உடையாததையும் தனித்தனியே எழுதச் சொன்னேன்.

இன்னொரு வகையும் இருந்தது: டிஆர்எஸ்2 நீங்கியது. இந்தப் புரதம் லிப்பிடைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டும் நொதி. இதன் பெயர் முதலில் ரைபோசோம் ஆய்வில், குளிரில் வளராத வகைகளைத் தேடியபோது இடப்பட்டது. பிறகே இதன் லிப்பிடு வேலை தெரிந்தது. இதன் உறவினர்களான டிஎன்எஃப்1, டிஎன்எஃப்2 மேற்சவ்வில் வேலை செய்கின்றன; மூன்றும் சேர்ந்து நீங்கிய செல்லில் குறைந்த வெப்பநிலையில் உள்ளிழுப்பு குன்றுவது 2003இல் காட்டப்பட்டது.

டிஆர்எஸ்2 நீங்கிய வகையையும் சாதாரண வகையையும் ஒரே நாளில் தட்டுகளில் கோடிட்டிருந்தோம். இன்குபேட்டரில் இடமில்லாமல் இரண்டையும் அலமாரியிலேயே விட்டுவிட்டோம். பன்னிரண்டாம் நாள் சாதாரண வகை கடுகளவு புள்ளிகளாக எழுந்திருந்தது. மற்றொன்றின் அகர் பளபளவென்று வெறுமையாக இருந்தது. "சார், இந்தத் தட்டுல ஒண்ணுமே வரல, செத்துப் போச்சுன்னு நினைக்கிறேன்" என்று மாணவி அதைக் கழிவுப் பைக்கு எடுத்துப் போனார். நிறுத்தி, தட்டை 30 டிகிரியில் வைக்கச் சொன்னேன். 20 டிகிரிக்குக் கீழே இந்த வகை வளராது. எங்கள் அலமாரி அந்த மாதம் முழுவதும் 12க்கும் 15க்கும் இடையில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கோட்டின் நெடுக வெண்ணிறப் புள்ளிகள் வரிசையாக வந்திருந்தன.

ஆனால் டிஆர்எஸ்2 முக்கியமாக, செல்லுக்குள் சரக்கைப் பிரித்தனுப்பும் உறுப்பான கால்ஜியின் பின்பகுதியில் வேலை செய்வது. அது ஒன்று மட்டும் நீங்கிய செல் குளிரில் வளராததை உள்ளிழுப்பின் தவறு என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. அந்தத் தட்டின் அடியில் மாணவி மார்க்கரால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வகை, தேதி, 13 டிகிரி 12 நாள் வளர்ச்சி இல்லை, 30 டிகிரி 3 நாள் வளர்ச்சி உண்டு. டிஎன்எஃப்1, டிஎன்எஃப்2 நீங்கிய வகைகளைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அவை வந்ததும், இந்த அலமாரியையே குளிரறையாக வைத்து, தெர்மாகோல் பெட்டியைக் கழற்றிவிட்டு, லென்ஸை 14இலேயே நிறுத்திப் பார்க்கப் போகிறோம்.